வீட்டு ஜன்னலுக்கு சன் ஃபிலிம் ஒட்டப் போறீங்களா? பெரம்பலூர், அரியலூர் மக்கள் ஆளைக் கூப்பிடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெயில் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடற்காற்று எட்டாத உள் மாவட்டங்கள். பங்குனி பிறந்ததும் அனல் ஆரம்பித்துவிடும், அக்னி நட்சத்திரம் முடிந்தாலும் உடனே விடாது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது.

இந்தச் சூழலில் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டலாமா என்று யோசிப்பவர்கள் அதிகமாகி வருகிறார்கள். 'கூலிங் ஸ்டிக்கர்', 'கருப்பு ஷீட்டு' என்று ஊருக்கு ஒரு பெயர். விளம்பரத்தைப் பார்த்தால் ஏசியே வேண்டாம் என்பது போல இருக்கும். உண்மையில் இது எவ்வளவு உதவும்? யாரைக் கூப்பிடுவது? எதையெல்லாம் கேட்டு வாங்குவது? எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்:

• வெயில் நேரடியாக விழும் ஜன்னலுக்குத்தான் ஃபிலிம் பலன் தரும். மொட்டை மாடிச் சூட்டை அது குறைக்காது.

• கார் கண்ணாடிக்கு உள்ள கட்டுப்பாடு வீட்டு ஜன்னலுக்குக் கிடையாது.

• 'ஐஆர் 90 சதவீதம்' என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கேட்க வேண்டியது மொத்த சூரிய வெப்பத் தடுப்பு எண்ணை.

• ஜன்னல் சட்டத்தை அளக்க விடாதீர்கள், கண்ணாடியை மட்டும் அளக்கச் சொல்லுங்கள்.

• எல்லாக் கண்ணாடிக்கும் எல்லா ஃபிலிமும் பொருந்தாது. தவறாக ஒட்டினால் கண்ணாடியே விரிசல் விடலாம்.

சன் ஃபிலிம் என்பது என்ன?

பார்க்க ஸ்டிக்கர் மாதிரி இருந்தாலும் இது பாலியஸ்டர் தாள்கள் பல அடுக்குகளாகச் சேர்ந்தது. ஒரு பக்கம் பசை, மறுபக்கம் கீறல் விழாமல் இருக்க ஒரு பூச்சு. நடுவில் சாயம், உலோகம் அல்லது செராமிக் துகள். வெயிலைத் தடுக்கிற வேலையைச் செய்வது இந்த நடு அடுக்குதான். சாதாரண சன் ஃபிலிமின் தடிமன் 50 மைக்ரான் அளவில் இருக்கும்.

வீட்டு ஜன்னலுக்கு பெரும்பாலும் உள்பக்கம்தான் ஒட்டுவார்கள். வெளிப்பக்கம் ஒட்டுவதற்கென்று தனி ஃபிலிம் உண்டு. மழை, வெயில், தூசி எல்லாம் நேரடியாகப் படுவதால் அதன் ஆயுள் குறைவு.

முதலில் இதைப் பாருங்க: சூடு எந்த வழியா வருது?

ஃபிலிம்காரரைக் கூப்பிடும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது. காசு செலவில்லை.

மதியம் மூன்று மணி வாக்கில் அறைக்குள் நின்று பாருங்கள். ஜன்னல் வழியாக வெயில் நேரடியாக உள்ளே விழுகிறதா? கண்ணாடியைத் தொட்டால் சுடுகிறதா? அப்படியென்றால் ஃபிலிம் உதவும்.

ஆனால், ஜன்னலில் வெயிலே விழவில்லை, ராத்திரி பத்து மணிக்கும் ஃபேன் போட்டால் அனல் காற்றுதான் இறங்குகிறது என்றால் பிரச்சினை கான்கிரீட் கூரையில் இருக்கிறது. பகல் முழுக்க வெயிலை உறிஞ்சிய கூரை, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடுகிறது. மேல் மாடி வீடுகளில் இதுதான் அதிகம். இதற்கு ஜன்னல் ஃபிலிம் ஒட்டி எந்தப் பயனும் இல்லை. மொட்டை மாடியில் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அடிப்பது, வெள்ளை ஓடு பதிப்பது, தட்டி போட்டு நிழல் தருவது போன்றவைதான் வழி. கையில் இருப்பது பத்தாயிரம் ரூபாய்தான் என்றால் அதை எங்கே போடுவது என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடும்.

எந்த ஜன்னலுக்கு ஒட்டலாம்?

எல்லா ஜன்னலுக்கும் ஒட்ட வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு மாவட்டங்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கின்றன. அதனால் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் பிற்பகுதி வரை சற்று வடக்கே சாய்ந்து போகும்.

மேற்கு ஜன்னல்: முதல் இடம் இதற்குத்தான். சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. வீடு ஏற்கெனவே சூடாக இருக்கும் நேரத்தில் இன்னும் சூடு ஏறும்.

கிழக்கு ஜன்னல்: காலை வெயில். இரண்டாவது இடம். காலையில் திரை போட்டே சமாளிக்க முடியும் என்றால் செலவை மிச்சம் பிடிக்கலாம்.

தெற்கு ஜன்னல்: கோடையில் வெயில் அதிகம் விழாது. மார்கழி, தை மாதங்களில்தான் விழும். நல்ல சன்ஷேடு இருந்தால் ஃபிலிம் தேவையில்லை.

வடக்கு ஜன்னல்: பெரும்பாலும் தேவையில்லை. மே, ஜூன் போன்ற மாதங்களில் சிறிது சாய்வாக வெயில் படும்.

இன்னொரு விஷயம். ஜன்னலைத் திறந்து வைத்தால் ஃபிலிமுக்கு வேலையே இல்லை. பகலில் கண்ணாடிக் கதவை மூடி வைக்கும் அறை, ஏசி போட்ட அறை, திறக்கவே முடியாத நிலைக் கண்ணாடி. இங்கேதான் இது காசுக்கு ஏற்ற பலன் தரும்.

எவ்வளவு சூடு குறையும்? ஒரு சின்ன கணக்கு

மேற்குச் சுவரில் இரண்டு ஜன்னல், ஒவ்வொன்றிலும் சுமார் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி என்று வைத்துக்கொள்வோம். கோடையில் மாலை நான்கு மணிக்கு ஒரு சதுர மீட்டரில் தோராயமாக 600 வாட் வெயில் விழுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சாதாரண தெளிவான கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கும் மேல் உள்ளே விட்டுவிடும். ஆக இரண்டு ஜன்னலும் சேர்ந்து சுமார் 960 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியை அறைக்குள் ஆன் பண்ணி வைத்த மாதிரி.

இதே கண்ணாடியில் மொத்த வெப்பத்தில் 55 சதவீதத்தைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினால் உள்ளே வருவது சுமார் 540 வாட். மிச்சம் 420 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3,500 வாட். ஏசியின் அந்த நேரத்துச் சுமையில் எட்டில் ஒரு பங்கு குறைகிறது என்று அர்த்தம்.

இது நல்ல பலன்தான். ஆனால் 'ஏசியே வேண்டாம்' என்று சொல்லும் அளவுக்கு இல்லை. 'ரூம் பத்து டிகிரி குறையும்' என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எந்த அறை, எத்தனை மணிக்கு, எப்படி அளந்தீர்கள் என்று கேளுங்கள்.

கார்ல தடை இருக்கே, வீட்டுக்கும் தடையா?

இல்லை. பலருக்கும் இருக்கும் குழப்பம் இது.

அவிஷேக் கோயங்கா தொடர்ந்த வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடிகளில் கருப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தது. அந்த ஆண்டு மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீதமும் பக்கவாட்டுக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். விதி திருத்தப்பட்ட பிறகு, இந்த அளவுக்கு உட்பட்ட ஃபிலிமை ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

இவை எல்லாமே வாகனத்துக்கானவை. வீட்டு ஜன்னலுக்கு இந்தத் தடை பொருந்தாது. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்திடமும் கேளுங்கள். பளபளவென்று கண்ணாடி போல மின்னும் ஃபிலிம் ஒட்டினால் அந்த வெளிச்சம் எதிர்வீட்டுக்குள் அடிக்கும். தெருவில் சண்டை வர அதுவே போதும்.

என்னென்ன வகை இருக்கு?

சாய ஃபிலிம்: விலை குறைவு. கூச்சத்தைக் குறைக்கும், சூட்டைத் தடுப்பது சுமார்தான். சில வருடத்தில் நிறம் மாறி ஊதா கலராகிவிடும். பழைய கார்களில் பார்த்திருப்பீர்கள்.

உலோகப் பூச்சு ஃபிலிம்: வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னும். வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும். சிக்னல் ஏற்கெனவே பலவீனமாக உள்ள இடத்தில் மொபைல் டவர் சற்று குறையலாம்.

செராமிக் ஃபிலிம்: மின்னாது, சிக்னலைப் பாதிக்காது. வெளிச்சத்தை அதிகம் குறைக்காமலே வெப்பத்தைக் குறைக்கும். விலை அதிகம்.

சேஃப்டி ஃபிலிம்: 100 முதல் 200 மைக்ரான் வரை தடிமன். கண்ணாடி உடைந்தால் சில்லு சிதறாமல் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி உடையாமல் இருக்கும் என்று அர்த்தம் இல்லை.

ஃப்ராஸ்டட் ஃபிலிம்: பாத்ரூம், படிக்கட்டு ஜன்னலுக்கு. மறைப்புக்காகத்தான், சூட்டுக்காக அல்ல.

ஜன்னல் ஃபிலிமுக்கான முதல் காப்புரிமையை 1966-ல் பெற்றது அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனம். இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலம் சத்ரபதி சம்பாஜிநகரில் இயங்கும் கார்வேர் நிறுவனம் சன் கன்ட்ரோல் ஃபிலிம் தயாரிக்கிறது. இவை தவிர லூமார், சோலார் கார்ட் உள்ளிட்ட பிராண்டுகளும் சந்தையில் உள்ளன. பிராண்டு பெயர் மட்டும் போதாது, அதே பிராண்டில் எந்த மாடல் என்பதுதான் விலையையும் பலனையும் தீர்மானிக்கும்.

இந்த நாலு நம்பரை கேளுங்க

1. மொத்த சூரிய வெப்பத் தடுப்பு. டிஎஸ்இஆர் என்று கேட்லாக்கில் போட்டிருக்கும். வெயிலில் உள்ள மொத்த ஆற்றலில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் எண். ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

2. வெளிச்ச ஊடுருவல். விஎல்டி என்று இருக்கும். 50 என்றால் பாதி வெளிச்சம் உள்ளே வரும், 5 என்றால் அறை கிட்டத்தட்ட இருட்டு.

3. புற ஊதாக் கதிர் தடுப்பு. நல்ல ஃபிலிம்கள் 99 சதவீதம் வரை தடுக்கும். சோபா, திரை, மரச் சாமான் வெளுப்பதை இது தாமதப்படுத்தும், ஆனால் முழுக்க நிறுத்தாது. வெளிச்சமும் சூடும்கூட வெளுக்க வைக்கும்.

4. அகச்சிவப்புக் கதிர் தடுப்பு. அதாவது ஐஆர். கடைகளில் அதிகம் பெருமையாகச் சொல்லப்படுவது இதுதான்.

இந்த நான்காவதில்தான் கவனம் தேவை. வெயிலின் ஆற்றலில் அகச்சிவப்பு பாதிக்குச் சற்று மேல். மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், அதுவும் சூடுதான். அதனால் ஐஆர் 90 சதவீதம் தடுக்கும் என்றால் மொத்தச் சூட்டில் 90 சதவீதம் குறையும் என்று அர்த்தம் இல்லை. மேலும் சில நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் அளந்த எண்ணைப் போடுவார்கள்.

கடையில் சிவப்பு ஹீட் பல்பு முன்னால் ஃபிலிமைப் பிடித்து 'கை வச்சுப் பாருங்க சார், சுடுதா?' என்று காட்டுவதும் இதே கதைதான். அந்தப் பல்பு பெரும்பாலும் வெளியிடுவது அகச்சிவப்பு மட்டுமே. நம்ம ஊர் வெயில் அப்படி இல்லை. ரெண்டு ஃபிலிமையும் வாங்கி மேற்கு ஜன்னலில் சாயங்காலம் பிடித்துப் பார்ப்பது இதைவிட நல்ல சோதனை.

'கருப்பா இருந்தாத்தான் கூலா இருக்கும்' என்பதும் தவறான எண்ணம். மலிவான கருப்பு ஃபிலிமை விட வெளிர் செராமிக் ஃபிலிம் அதிக வெப்பத்தைத் தடுக்கலாம். அறை இருட்டாகிவிட்டால் பகலிலேயே லைட் போட வேண்டிவரும். புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்காக மத்திய எரிசக்தி திறன் அமைப்பு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதித் தொகுப்பு, ஜன்னல் பரப்பு குறைவாக உள்ள கட்டடங்களில் கண்ணாடி குறைந்தது 27 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும் என்கிறது. பழைய வீட்டுக்கு இது கட்டாயம் இல்லை. ஆனாலும் வரவேற்பறைக்கு இதைவிடக் கருப்பாகப் போகலாமா என்று யோசிக்க ஒரு நல்ல அளவுகோல்.

யாரைக் கூப்பிடுவது?

சிறு நகரங்களில் வீட்டு ஜன்னல் ஃபிலிமுக்கென்று தனிக் கடை தேடினால் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலும் மூன்று வகையான ஆட்கள் இந்த வேலையைச் செய்வார்கள்.

கார் அலங்காரக் கடைக்காரர்கள்: ஃபிலிம் ஒட்டுவதில் கைப்பழக்கம் இருக்கும். ஆனால் கார் கண்ணாடி வேறு, வீட்டுக் கண்ணாடி வேறு. காருக்கான ஃபிலிமையே வீட்டுக்கும் ஒட்டுகிறார்களா என்று கேளுங்கள். வீட்டுக்கென்று தனி மாடல் இருக்கிறது.

கண்ணாடி, அலுமினியம், யுபிவிசி வேலை செய்பவர்கள்: ஜன்னல் கதவைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள். கண்ணாடியின் வகையும் தெரியும். ஃபிலிம் ஒட்டிய அனுபவம் எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள்.

ஸ்டிக்கர், விளம்பரப் பலகை கடைக்காரர்கள்: ஃப்ராஸ்டட் ஃபிலிமுக்கு இவர்கள் போதும். சூடு தடுக்கும் ஃபிலிம் என்றால் பிராண்டையும் மாடலையும் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பிராண்டு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற டீலர் வேண்டும் என்றால் திருச்சியில் விசாரிக்கலாம். பெரம்பலூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், அரியலூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து ஆள் வருவதென்றால் வண்டிச் செலவு, குறைந்தபட்ச சதுர அடி எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வேலை வைத்தால் இந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். பிறகு ஒரு மூலை பிரிந்துவிட்டது என்றால் அவர் மறுபடி வருவாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். உள்ளூர் ஆளின் பெரிய பலம் அதுதான்.

எவராக இருந்தாலும் ஒரு வருடத்துக்கு முன் ஒட்டிய ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டிய அன்றைக்கு எல்லா வேலையும் அழகாகத்தான் இருக்கும். ஒரு கோடையைத் தாண்டியும் ஓரம் பிரியாமல், குமிழி வராமல் இருக்கிறதா என்பதில்தான் தொழில் தெரியும்.

அளக்க வரும்போது கவனிக்க வேண்டியது

வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்லி விலை சொல்பவரை விட, நேரில் வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பவர் மேல். அவர் பார்க்க வேண்டியவை:

• கண்ணாடி வழவழப்பா, சொரசொரப்பா? பூ டிசைன், புள்ளி டிசைன் போட்ட கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் ஃபிலிம் ஒட்டாது.

• கிரில் எந்தப் பக்கம்? நம்ம ஊர் மர ஜன்னல்களில் கிரில் உள்ளே இருக்கும், கதவு வெளியே திறக்கும். கண்ணாடியின் உள்பக்கத்தை எட்ட கதவைத் திறந்து வெளியே நின்று ஒட்ட வேண்டும், அல்லது கீலைக் கழற்றி கதவை எடுக்க வேண்டும். மாடி ஜன்னல் என்றால் கழற்றுவதே பாதுகாப்பு.

• யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னலா? டிராக்கிலிருந்து கதவைத் தூக்கி எடுத்து ஒட்டலாம். ஆனால் ஜன்னல் நிறுவனம் வாரன்டி கொடுத்திருந்தால், ஃபிலிம் ஒட்டினால் அது செல்லாமல் போகுமா என்று முதலில் கேளுங்கள்.

• கண்ணாடி ஓரத்தில் சில்லு, விரிசல், காய்ந்துபோன புட்டி இருக்கிறதா?

மாடியில் ஏணி, சாரம் வைத்து வேலை என்றால் பாதுகாப்புக் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். 'நாலு ஜன்னல்தானே, சன்ஷேடு மேல நின்னு ஒட்டிடுறேன்' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய சன்ஷேடு ஆள் நிற்பதற்காகக் கட்டப்பட்டது அல்ல. பத்தாயிரம் ரூபாய் வேலைக்காக யாருடைய உயிரும் போகக் கூடாது.

கண்ணாடி ஏன் விரிசல் விடுகிறது?

பலரும் சொல்லாமல் விடும் விஷயம் இது. சில ஃபிலிம்கள் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சிக்கொள்ளும். அப்போது கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகும். சட்டத்துக்குள் இருக்கும் ஓரமும், சன்ஷேடு நிழல் விழும் மேல்பகுதியும் அவ்வளவு சூடாகாது. நடு விரிய, ஓரம் இழுக்க, ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு இருந்தாலும் அங்கிருந்து விரிசல் கிளம்பிவிடும்.

இரட்டைக் கண்ணாடி, கம்பி வலை வைத்த கண்ணாடி, ஏற்கெனவே நிறம் உள்ள கண்ணாடி, லேமினேட் செய்த கண்ணாடி ஆகியவற்றில் இந்த ஆபத்து அதிகம். டஃபன்ட் கண்ணாடியில் குறைவு. எந்தக் கண்ணாடிக்கு எந்த ஃபிலிம் ஒட்டலாம் என்ற அட்டவணையை முன்னணி நிறுவனங்கள் டீலர்களுக்குத் தருகின்றன. அதைக் காட்டச் சொல்லுங்கள். 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்பது பதில் அல்ல. விரிசல் விட்டால் கண்ணாடி மாற்றும் செலவு யாருடையது என்பது வாரன்டியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கொட்டேஷனில் எங்கே காசு போகிறது?

சதுர அடிக் கணக்கில்தான் விலை. அதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, அளவு. 4 அடிக்கு 4 அடி ஜன்னல் என்றால் 16 சதுர அடி என்று போட்டுவிடுவார்கள். ஆனால் அதில் மரச்சட்டம் போக, இரண்டு கதவிலும் தலா ஒன்றரை அடிக்கு மூன்றரை அடிதான் கண்ணாடி என்றால் மொத்தம் 10.5 சதுர அடிதான். ஐந்து ஜன்னலுக்கு 80 சதுர அடி என்பதும் 52.5 சதுர அடி என்பதும் பெரிய வித்தியாசம். சதுர அடி 100 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்தால் 8,000 ரூபாய் எங்கே, 5,250 ரூபாய் எங்கே!

இரண்டாவது, வேஸ்டேஜ். ஃபிலிம் பொதுவாக 5 அடி அகல ரோலில் வரும். வெட்டும்போது மிச்சம் விழுவது இயல்பு. மேலே சொன்ன பத்துக் கண்ணாடிக்கு, சரியாகத் திட்டமிட்டு வெட்டினால் 60 முதல் 65 சதுர அடி ரோல் போதும். அந்த மிச்சத்துக்கும் காசு வாங்குகிறாரா, இல்லையா என்று கேட்டுவிடுங்கள். வாங்குவது தவறில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஒட்டுக்கூலி, பழைய ஃபிலிம் உரிக்கும் கூலி, கதவு கழற்றி மாட்டும் கூலி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்த விலையா என்பதையும் கேட்டு, ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். அதில் பிராண்டு, மாடல் பெயர், விஎல்டி, டிஎஸ்இஆர் எண்கள் இருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்பே கொடுக்க வேண்டாம். அட்வான்ஸ் போக மீதியை வேலை முடிந்து பார்த்த பிறகு கொடுக்கலாம்.

ஒட்டும் நாளில் என்ன நடக்கும்?

ரோலைப் பெட்டியோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள மாடல் பெயர், பேட்ச் எண்ணை உங்கள் மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டேஷனில் ஒன்று, ரோலில் ஒன்று என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கண்ணாடியைப் பிளேடால் சுரண்டிக் கழுவி, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமின் பின்தாளை உரித்து, கண்ணாடி மேல் வைத்து நகர்த்திச் சரிசெய்வார்கள். பிறகு ரப்பர் வைப்பரால் அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்டுவது முறையான வேலைதான், குறை இல்லை. சட்டத்தில் முட்டினால் ஃபிலிம் பிரிந்துவிடும்.

இந்த இரு மாவட்டங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இரண்டு.

ஒன்று, தண்ணீர். சுண்ணாம்புக்கல் பூமி என்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமாக இருக்கும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போல, ஃபிலிமுக்கு அடியிலும் உப்பு படிந்துவிடும். ஒட்டுவதற்கு ஆர்ஓ தண்ணீர் அல்லது கேன் தண்ணீரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே கண்ணாடியில் உள்ள உப்புக்கறை, வீடு கட்டியபோது தெறித்த சிமென்ட் துளி எல்லாவற்றையும் முதலில் நீக்க வேண்டும்.

இன்னொன்று, தூசி. அரியலூர் சுற்றுவட்டாரத்தில் சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் உள்ளன. லாரி ஓடும் சாலையோர வீடு என்றால் காற்றில் தூசி எப்போதும் இருக்கும். ஒட்டும் நேரத்தில் ஃபேனை நிறுத்தி, மற்ற ஜன்னல்களை மூடி வைக்க வேண்டும். முடிந்தால் காற்று அதிகம் இல்லாத காலை நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணத்தால் சாலையோர வீட்டுக்கு வெளிப்பக்க ஃபிலிம் ஏற்றதல்ல, துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.

வேலை சரியா இருக்கா? எப்படிப் பார்ப்பது?

பகல் வெளிச்சத்தில், கண்ணாடியிலிருந்து ஆறடி தள்ளி நேராக நின்று பாருங்கள். அந்தத் தூரத்தில் கண்ணை உறுத்தும் தூசி, மடிப்பு, கீறல் இருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் எந்த வேலையிலும் ஒரு புள்ளி தெரியத்தான் செய்யும்.

முதல் சில வாரம் சின்னச் சின்னத் தண்ணீர்க் குமிழியும் லேசான மங்கலும் இருக்கும். பயப்பட வேண்டாம். முழுமையாகக் காய 30 நாள் வரை ஆகலாம், கோடையில் சீக்கிரமே காய்ந்துவிடும். அதன் பிறகும் போகாத குமிழி, நடுவில் புள்ளியோடு இருக்கும் குமிழி ஆகியவை தூசியோ காற்றோ மாட்டியதால் வருவது. அதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும்.

அந்த 30 நாளும் கண்ணாடியைத் துடைக்காதீர்கள், குமிழியை ஊசியால் குத்தாதீர்கள். அதன் பிறகு மெல்லிய துணி, சோப்புத் தண்ணீர் போதும். அமோனியா கலந்த கிளீனர், ஸ்க்ரப்பர், செய்தித்தாள் வேண்டாம்.

ராத்திரியில வெளியில தெரியுமா?

தெரியும். 'வெளியிலிருந்து உள்ளே தெரியவே தெரியாது' என்பது பகலில் மட்டும்தான் உண்மை. மின்னும் ஃபிலிம், வெளிச்சம் அதிகமாக உள்ள பக்கம் கண்ணாடி போல வேலை செய்யும். இரவில் வீட்டுக்குள் லைட் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியாது, தெருவில் நிற்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும். படுக்கையறைத் திரையைக் கழற்றிவிட வேண்டாம்.

பிரச்சினை வந்தால் எங்கே போவது?

ஜிஎஸ்டி பில், வாரன்டி அட்டை, ரோல் போட்டோ. இந்த மூன்றும் இருந்தால் பாதி வெற்றி. வாரன்டியில் தேதி, சதுர அடி, மாடல், கடை முத்திரை இருக்க வேண்டும். ஃபிலிமுக்கு மட்டுமா, உரித்து மறுபடி ஒட்டும் கூலிக்கும் சேர்த்தா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

பேசியும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்த கட்டமாக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் உள்ளது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஈ-ஜாக்ரிதி தளம் மூலம் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம்.

இவ்வளவு செலவு பண்ண முடியாதா?

அதற்கும் வழி இருக்கிறது. வெயிலைக் கண்ணாடியில் படும் முன்பே வெளியில் தடுப்பதுதான் எப்போதும் சிறந்தது. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, கீற்றுத் தட்டி அல்லது பச்சை நெட் கட்டினால், ஃபிலிமை விடக் குறைந்த செலவில் நல்ல பலன் கிடைக்கும். வெளிச்சமும் பார்வையும் மறையும் என்பதுதான் குறை. மேற்குப் பக்கம் இடம் இருந்தால் ஒரு வேப்பமரம் வைக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் பசை இல்லாமல் ஒட்டும் தற்காலிக ஷீட்டைப் பயன்படுத்தலாம். காலி செய்யும்போது உரித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: நாமே ஒட்டலாமா?
பதில்: பாத்ரூம் ஃப்ராஸ்டட் ஃபிலிம் என்றால் தாராளமாக. பெரிய கண்ணாடியில் சூடு தடுக்கும் ஃபிலிம் என்றால் மடிப்பு விழ வாய்ப்பு அதிகம். மடிந்த ஃபிலிமை நேராக்க முடியாது.

கேள்வி: எத்தனை வருஷம் வரும்?
பதில்: உள்பக்கம் முறையாக ஒட்டிய நல்ல ஃபிலிம் பத்து வருடம் வரைகூட வரும். சாய ஃபிலிம் அதற்கு முன்பே நிறம் மாறிவிடும்.

கேள்வி: ஜன்னல் பக்கம் வைத்த துளசி, மணி பிளான்ட் வாடுமா?
பதில்: வெளிச்சம் குறைவதால் வளர்ச்சி குறையலாம். மிகவும் கருப்பான ஃபிலிம் என்றால் செடியை இடம் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லா ஜன்னலுக்கும் ஒரே நேரத்தில் ஒட்டணுமா?
பதில்: வேண்டாம். மேற்கு ஜன்னல் ஒன்றுக்கு மட்டும் முதலில் ஒட்டி ஒரு மாதம் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மற்றவற்றுக்கும் ஒட்டலாம், தெரியவில்லை என்றால் மிச்சப் பணத்தில் மொட்டை மாடியைக் கவனிக்கலாம்.